படலம் ஆறும் நேரம்

திரையில் உலையின் சூட்டைக் காட்டும் எண் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக இறங்கியது. சண்முகவடிவு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினி தானாகவே குளிர்விக்கும், ஏதாவது கோளாறென்றால் அலறி ஊரைக் கூட்டும். ராத்திரி முழுக்க விழித்தவள் அறைக்குப் போய்க் கொஞ்சம் கண்ணை மூடியிருக்கலாம். மூடினால் காலையில் கேட்டது காதில் வரும். அதற்கு இந்த எண்ணே தேவலை. எதிரே குவார்ட்ஸ் குழாய், உள்பக்கம் கரி பிடித்துக் கறுத்துப்போய், எதையும் காட்டாத முகத்தோடு படுத்திருந்தது. அதற்குள்ளே ஒரு சிலிக்கான் வில்லை, வில்லையின் மேல் நேற்றிலிருந்து ஆவியைப் படியவிட்டுப் படியவிட்டு அவள் வளர்த்த காட்மியம் டெல்லூரைடு படலம். எக்ஸ் கதிரோ காமா கதிரோ மேலே பட்டால் மின்துடிப்பாக மாற்றி, வந்தது எத்தனை பலமான கதிர் என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிற படலம். தனிப் படிகமாக வாங்கினால் விரல் நகத்தளவுதான் கிடைக்கும், அதுவும் கை தவறினால் போச்சு. சிலிக்கான் மேல் வளர்த்துவிட்டால் உள்ளங்கை அகலத்துக்குக் கிடைக்கும், மலிவு, உறுதி, ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கெல்லாம் நம்முடையதையே போடலாம். இப்படித்தான் திட்ட அறிக்கையில் இருக்கிறது. எழுதியது அவள். கையெழுத்துப் போட்டது பேராசிரியர் ஆராவமுதன். வாசித்துக் காட்டப்போவது அவளுக்குப் பிறகு வந்த ஹரிகேஷ். சரி, இதையெல்லாம் நினைக்கக்கூடாது என்றுதானே எண்ணைப் பார்க்க உட்கார்ந்தது. எண் இறங்கட்டும். வளர்ப்பது பெரிய காரியமில்லை, ஆறவிடுவதுதான் காரியம். சூட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒற்றுமையாகத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் சிலிக்கான் கொஞ்சமாகச் சுருங்கும், படலம் அதிகமாகச் சுருங்கும், ஒன்றை ஒன்று இழுக்கும், கடைசியில் வெடித்துவிடும். இல்லாவிட்டால் பெயர்ந்து வரும்.

ஆராவமுதனுக்கு இது வேடிக்கை. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சொல்லுவார். “பத்துப் பொருத்தத்துல ஒரு பொருத்தங்கூட இல்லாத கல்யாணம் சார் இது. மாப்பிள்ளை சிலிக்கான், பொண்ணு காட்மியம் டெல்லூரைடு. நடுவுல ஆர்செனிக்னு ஒரு தரகரை வெச்சு ஒட்ட வைக்கிறோம்.” வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்போது அவருக்கு வடிவு அங்கே நிற்பது ஞாபகம் வரும், லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்தச் செருமல் மட்டும் இல்லாவிட்டால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். தரகர் என்று அவர் சொல்வதும் தப்பில்லை. படலம் வளர்ப்பதற்கு முன்னால் சிலிக்கானைப் பழுக்கக் காய்ச்சி, பக்கத்திலேயே காலியம் ஆர்செனைடு துண்டு ஒன்றை வைத்தால், அதிலிருந்து ஆர்செனிக் கிளம்பி வந்து சிலிக்கான் முகத்தில் ஒரே ஓர் அணுக் கனத்துக்கு உட்கார்ந்துகொள்ளும். அதற்குமேல்தான் மற்றது ஒழுங்காகப் பிடிக்கும். அது இல்லாவிட்டால் சாம்பல்தான். அந்தத் துண்டைக் காற்றோட்டத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷமும்தான் அவள் கல்யாணம் நீடித்த இரண்டு வருஷம். அப்போது புகை உறிஞ்சும் விசிறி சரியில்லை. டெல்லூரியம் உடம்பில் துளி ஏறினாலும் பூண்டு வாடை வரும், மூச்சில் வரும், வியர்வையில் வரும், எத்தனை குளித்தாலும் போகாது. அவள் பூண்டே தின்னாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமியார் தலையணை உறையை மோந்து பார்த்தாள். கணவர் கட்டிலில் திரும்பிப் படுத்தார், அப்புறம் அடுத்த அறையில் படுத்தார், அப்புறம் விவாகரத்துக்கு மனுப் போட்டார். மனுவில் பூண்டு இல்லை, மனம் ஒத்துப்போகவில்லை என்று கௌரவமாக எழுதியிருந்தது. அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய அன்றே, “ஏ வடிவு, என்னட்டி உம்மேல இந்த வாடை அடிக்கி?” என்று கேட்டுவிட்டு, தலைக்குச் சீயக்காய் அரைக்கப் போய்விட்டாள். விசிறியை மாற்றச் சொல்லி வடிவு மூன்று முறை கேட்டாள். ஹரிகேஷ் வேலைக்குச் சேர்ந்த வாரம் மாற்றினார்கள்.

ஹரிகேஷ் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கலாம். வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், ஆங்கிலம் தண்ணீராக ஓடும், ‘மேடம் மேடம்’ என்று அவள் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டான், டீ வாங்கினால் அவளுக்கும் சேர்த்து வாங்குவான். இன்று காலையில் ஆராவமுதன் கூப்பிட்டுச் சொன்னபோதும் அவன் அங்கே இல்லை. “உக்காரும்மா. ஜெர்மனி கான்ஃபரன்ஸ்க்கு ஹரிகேஷ் போகட்டும். பேப்பர்லயும் அவன் பேரு முதல்ல இருந்தா அவனுக்கு சயின்டிஸ்ட் போஸ்டுக்கு உதவும். ஒரே ஒரு போஸ்டுதானே வந்திருக்கு. நீ வளர்த்துக் குடுத்துடு, அவன் பேசிக்குவான். உனக்கும் அம்மாவை விட்டுட்டு அவ்வளவு தூரம் போறது சிரமம்தானே?” பதினோரு வருஷமாக வருஷா வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்தம் அவளுடையது. அந்த ஒரே போஸ்டுக்காகத்தான் இந்தப் படலம், அந்தப் போஸ்டுக்காகத்தான் அந்த வாடை, எல்லாம். அவள் என்ன சொன்னாள்? “சரி சார்” என்றாள். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. வெளியே வந்து, கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, அம்மாவுக்கு என்ன சிரமம், அம்மா தனியாக நன்றாக இருப்பாள், பக்கத்து வீட்டு ரெஜினாவோடு சீரியல் பார்ப்பாள் என்று கண்ணாடியிடம் சொன்னாள். கண்ணாடியிடம் சொல்லி என்ன பிரயோசனம். அறைக் கதவு மூடியபிறகுதான் இவளுக்கு வாய் திறக்கும், பிறந்ததிலிருந்தே அப்படி.

எண் முதல் நிறுத்தத்துக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தம் அவள் கண்டுபிடிப்பு. நேராக ஆறவிட்டால், எவ்வளவு மெதுவாக விட்டாலும், கனமான படலம் வெடித்துக்கொண்டேதான் இருந்தது. எத்தனை வில்லைகள், எத்தனை முறை ஆராவமுதன் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் ஒரு நாள் குளிர்விக்கிற வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தபோது வக்கீலிடமிருந்து போன் வந்தது, தீர்ப்பு வந்துவிட்டது என்று. நிறுத்திவைத்துவிட்டு நடைபாதைக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது எண் வைத்த இடத்திலேயே நின்றிருந்தது. இனி இதுவும் போச்சு என்று மறுபடி இறக்க ஆரம்பித்தாள், பாதி வழியில் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்று மறுபடி நிறுத்திவிட்டுப் போனாள். அன்று எடுத்த படலத்தில் ஒரு கீறல் இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க விட்டால் உள்ளிருக்கிற இழுப்பு தளர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. அவள் வாழ்க்கையின் மகா மோசமான மத்தியானத்தில் கிடைத்த அந்தச் சங்கதிக்கு இப்போது ‘படிநிலைக் குளிர்விப்பு’ என்று பெயர், ஹரிகேஷின் கட்டுரையில் மூன்றாவது பத்தி. மூன்றாவது பத்தியில் நடைபாதை இல்லை, சுவர் இல்லை. இருக்கவும் முடியாதுதான். ஆனாலும் வயிற்றெரிச்சல் என்பது நியாயம் பார்த்தா வரும்? அவள் விரல் விசைப்பலகைக்குப் போயிற்று. வேகம் என்ற கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். நிறுத்தம் இரண்டையும் எடுத்துவிட்டால் போதும். படலம் வெடிக்கும். யாருக்குத் தெரியும்? வெடிப்பதுதானே வழக்கம். வெடிக்காமல் வருவதுதான் அதிசயம். ஜெர்மனிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அவன் எதைப் பேசிக்கொள்வான்? அவள் விரலைப் பார்த்தாள், பயந்தாள். தன்னையே பார்த்து ஒருவர் பயப்படுவது உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சீ, சொந்தமாக வளர்த்ததை யாராவது இப்படி நினைப்பார்களா? நினைத்தாளே. நினைத்ததோடு சரி என்று சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. ஆராவமுதன். குரலில் பதற்றம். “வடிவும்மா, திட்டத்தைப் பார்க்க டெல்லிக்காரங்க அஞ்சு மணிக்கு வர்றதா இருந்தாங்கல்ல, திரும்பிப் போற ஃப்ளைட்டை முன்னாடி மாத்திட்டாங்களாம், இப்பவே கிளம்பி வர்றாங்க. நாலு மணிக்கு ஏர்போர்ட் போயாகணும். இன்னைக்கு செவ்வாக்கிழமை. மூணு மணிக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடுதும்மா. அதுக்குள்ள திறந்து காட்டிடணும். புதுசா ஒண்ணு வெளியில வர்றது, ராகு காலத்துல எப்படிம்மா எடுக்கிறது?” அவருக்கு இது புதிதில்லை. குழாயை முதல்முதலில் சூடேற்றியதே நாள் பார்த்துத்தான், வாயு உருளைகள் அமாவாசை கழித்துத்தான் மாற்றுவார்கள், இதைப் பற்றி அந்தக் கட்டடத்தில் யாரும் சிரிப்பதுகூட இல்லை. மூன்று மணிக்குள் திறப்பதென்றால் நிறுத்தம் இரண்டும் கிடையாது, கடகடவென்று இறக்க வேண்டும். அப்போது அவர் கேட்டார். அதை மட்டும் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். “கொஞ்சம் வேகமா ஆற விட்டா ஒண்ணும் ஆகாதுல்லம்மா? நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும். ஆகும்னா நான் அவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லிடறேன்.” பதினோரு வருஷத்தில் உனக்குத்தான் தெரியும் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வாய் நிறையப் பதில் இருந்தது. ஆகும் சார், கண்டிப்பா வெடிக்கும், நிறுத்தம் இல்லாம முடியாது, நான் மூணாவது பத்தியில எழுதியிருக்கேனே. சொல்லாமல் விட்டால்? ஒன்றும் செய்ய வேண்டாம், கையால் கெடுக்க வேண்டாம், உத்தரவை நிறைவேற்றினால் போதும். பதினோரு வருஷமாகச் செய்துவருவதுதானே. “ஒண்ணும் ஆகாது சார்” என்றாள். குரல் நன்றாகவே வந்தது.

வேகம் என்ற கட்டத்தில் எண்ணை மாற்றினாள். நிறுத்தங்களை எடுத்தாள். கணினி, நிச்சயமாகவா என்று கேட்டது. அதுகூடக் கேட்கிறது பார். ஆமாம் என்று அழுத்தினாள். எண் இப்போது ஓட ஆரம்பித்தது. என் தப்பில்லை. அவர் சொன்னார். இல்லை, அவர் கேட்டார். கேட்பதும் சொல்வதும் ஒன்றா? அவர் புத்தகமே எழுதியவர், அவருக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டுதான் கேட்டிருப்பார், பழியை என்மேல் போட. இல்லை, பாவம், அவர் நம்பிக் கேட்டார். நம்பிக் கேட்டதற்கு முன்னால் காலையில் என்ன செய்தார்? அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் அப்பா இறந்தபோது திருநெல்வேலிக்கு வண்டி வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறதென்று தெரியாமல் நினைப்பு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. குழாய்க்குள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவள் உடம்பு தூக்கிப்போட்டது. குவார்ட்ஸாக இருக்கலாம். வில்லை உட்கார்ந்திருக்கிற கிராஃபைட் மேடையாக இருக்கலாம். ஆறுகிற எதுவும் ஏதாவது ஒரு சத்தம் போடத்தான் செய்யும், தோசைக்கல்கூடப் போடுகிறது. முதல் நிறுத்தத்தின் எண் வந்தது, நிற்காமல் போயிற்று. பரவாயில்லை, ஒன்று போனால் போகட்டும், இரண்டாவதில் நிறுத்தினால் இன்னும் பிழைக்கும். அப்படி ஒரு தடவை பிழைத்திருக்கிறது. இரண்டாவதில் நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டு, சார், மெஷின் மக்கர் பண்ணுது, சாயந்தரம்தான் திறக்க முடியும் என்று சொல்லிவிடலாம். ராகு காலம் முடிந்து, டெல்லிக்காரர்கள் போனபின், ஒரு கீறல் இல்லாமல், முழுசாக, கறுப்பாகப் பளபளவென்று, ஹரிகேஷின் கையில் கொடுக்கலாம். ஹரிகேஷின் கையில். அந்த இடத்தில் வந்து நினைப்பு மறுபடி மாட்டிக்கொண்டது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவனே வந்தான், வெளி அறையில் டீயை வைத்துவிட்டு, தலைக்குல்லாயை மாட்டியபடி. திரையைப் பார்த்தான். புருவம் சுருங்கியது. “மேடம், இங்க நிறுத்தணும்ல? ரெண்டாவது ஹோல்டு?” எண் அங்கேதான் இருந்தது. இன்னும் தாண்டவில்லை. கை நீட்டினால் விசை. அவனே கேட்டுவிட்டான், அவள் சும்மா ‘ஆமா’ என்று சொன்னால் அவனே அழுத்திவிடுவான். இதைவிட சுலபமாக யாருக்குத்தான் வழி திறந்துவிடும்? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கண்ணுக்கடியில் ஒரு நிழல் இல்லை. அவன்மேல் எந்த வாடையும் இல்லை, சோப்பு வாசனைதான் வந்தது. “இன்னைக்கு வேண்டாம். சார்ட்ட பேசிட்டேன்” என்றாள். “கிராக் வராதா?” என்று கேட்டான். “வராது.” அவன் தோளைக் குலுக்கினான். “உங்களுக்குத் தெரியாததா மேடம். டீ ஆறிடும், போய்க் குடிங்க, நான் பாத்துக்கறேன்.” எண் இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டியது. எழுந்து போய் டீயைக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது, அவளுக்குக் குறைவாகத்தான் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

டெல்லிக்காரர்கள் இரண்டு பேர். ஒரு வயதான சர்தார்ஜி, ஒரு நடுத்தர வயது அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தாள். நீல உறையைக் காலில் மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி உள்ளே வந்தார்கள். ஆராவமுதன் கல்யாண ஜோக்கை ஆங்கிலத்தில் சொன்னார். சிரித்தார்கள். செருமினார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது. “ஹரிகேஷ், நீயே எடுப்பா” என்றார். ஹரிகேஷ் கையுறையோடு மேடையை இழுத்தான். வெளிச்சத்துக்கு வந்தது. முதல் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது, வடிவுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, பிழைத்துவிட்டதே என்று சந்தோஷமாகவே துள்ளியது, அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஹரிகேஷ் இடுக்கியால் ஓரத்தைத் தொட்டான். படலம் அப்பளம் போல ஓசையில்லாமல் பாளம் பாளமாகப் பெயர்ந்து சுருண்டது. அடியில் சிலிக்கான் வெறும் சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டியது. ஹரிகேஷ் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தான். ஆராவமுதன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். சிரித்தபடி, அவள் தோளுக்கருகே கையைக் காட்டி, ஆங்கிலத்தில் சொன்னார்: “இது முழுக்க டாக்டர் சண்முகவடிவு செய்தது. முறையும் அவருடைய சொந்த முறைதான்.” பதினோரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் பெயர் முழுசாகச் சொல்லப்பட்டது. முன்னால் டாக்டரோடு சொல்லப்பட்டது. டெல்லி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை முதல்முறையாகப் பார்த்தாள். என்ன ஆயிற்று, குளிர்விப்பிலா, என்று கேட்டாள். தெரிந்தவள் கேட்கிற கேள்வி. ஆராவமுதனின் முகம் வெளிறிப்போயிற்று. ராகு காலத்துக்காக அவசரப்படுத்தினோம் என்று அவள் இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஹரிகேஷ் தரையைப் பார்த்தான்.

“குளிர்விப்புலதான் மேடம். தப்பு என்னோடது. வெடிக்கும்னு எனக்குத் தெரியும்” என்று வடிவு ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டாள். இத்தனை பேர் நடுவில், கதவு திறந்திருக்கும்போதே, ஒரு எழுத்து பொய் இல்லாமல் சொல்லிவிட்டாள். தலையில் இடி விழட்டும் என்று காத்திருந்தாள். சர்தார்ஜி தலையை ஆட்டி, நேர்மையான பெண் என்றார். அந்த அம்மாள், எங்கள் ஆய்வகத்திலும் இப்படி எத்தனையோ போயிருக்கிறது, விடுங்கள் என்றாள். வண்டி காத்திருந்தது. மூன்று மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ஹரிகேஷ் அவர்களை வழியனுப்பப் போனான். ஆராவமுதன் மட்டும் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது. அவள் அருகில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, “என்னைக் காப்பாத்திட்டேம்மா. அவசரப்படுத்தினது நான், பழியை நீ எடுத்துக்கிட்ட. இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்கா?” என்றார். இல்லை சார், நான் வேணும்னுதான், என்று அவள் ஆரம்பித்தாள். “வேண்டாம், ஒண்ணும் சொல்லாதே, எனக்குத் தெரியும்” என்று அவர் கையமர்த்தினார். “ஒப்பந்தத்தைப் பத்திக் கவலைப்படாதே. நான் இருக்கிற வரைக்கும் நீ இங்கதான். வருஷா வருஷம் நானே போட்டுத் தர்றேன். அடுத்த வாரமே இன்னொண்ணு வளர்த்துக் குடுத்துடு. ஹரிகேஷ் கிளம்பறதுக்குள்ள நல்லதா ஒண்ணு வேணும்.” அவர் போனபின் அவள் கையுறையை மாட்டிக்கொண்டு சில்லுகளைப் பொறுக்கினாள். காட்மியம், குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, அதற்குத் தனி புட்டி இருக்கிறது. ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தாள். அடிமுகம் வரைக்கும் நல்ல படிகம், அவள் இதுவரை வளர்த்ததிலேயே நல்லது. அழுகை வரும் என்று நினைத்தாள், கொட்டாவி வந்தது. அடுத்த வாரம் ஆர்செனைடுத் துண்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்று மனசு அதுபாட்டுக்கு யோசிக்க ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அதைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அவள் வளர்ப்பாள். இரண்டு இடத்திலும் நிறுத்தி, கண் கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆறவிடுவாள். அது உடையாது.